பச்சையை நம்பாதவள்

பச்சை நிறத்தைப் பார்த்தால் முகம் சுளிக்கிற ஒரே மனுஷியை நான் தி. நகரில்தான் பார்த்தேன். புடவையில் பச்சை பிடிக்கும், கீரை பிடிக்கும், சிக்னலில் பச்சை விழுந்தால் எல்லோரையும் போல அவளும் ஓடுவாள். கம்ப்யூட்டர் திரையில் வரிசையாகப் பச்சை டிக் விழுந்தால் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். "எல்லாம் பாஸ்!" என்று நாங்கள் கத்திக்கொண்டு எழுந்தால், "உட்காருங்கப்பா. என்னத்தைப் பார்த்து அது பாஸ் போட்டுச்சு, அதைச் சொல்லுங்க முதல்ல" என்று வந்து நிற்பாள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கிருந்தாவது போன் பண்ணி, நான் எழுதியதில் எது தப்பு என்று வரிசையாக எடுத்து வைப்பாள்.

உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் ஆபீஸ். கீழே பாத்திரக் கடை, மேலே நாங்கள். நாள் முழுக்க எவர்சில்வர் சத்தம். யாராவது குடம் வாங்கினால் தட்டிப் பார்ப்பார்கள், அது எங்கள் மீட்டிங்கில் கேட்கும். கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. நான் அதற்கான கோடு, அதாவது நிரல், எழுதுகிறவள். அவள் அதைச் சோதிக்கிறவள். இந்தத் தொழிலில் இந்த இரண்டு பேரும் மாமியார் மருமகள் மாதிரி. ஒரே அடுப்பு, தினம் ஒரு சண்டை.

சோதிப்பது என்றால், முன்பெல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்க்க வேண்டும். நாங்கள் சேர்ந்த காலத்தில் அந்த வேலையைச் செய்ய டெஸ்ட் என்று ஒரு நிரலை எழுதி வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அதை ஓட விட்டால் பிரவுசர் தானாகத் திறக்கும், தானாக ஒரு புடவையைத் தேர்ந்தெடுக்கும், முகவரிக் கட்டத்தில் எழுத்து தானாக விழும், ஆர்டர் கொடுக்கும், கடைசியில் வெளியே வந்து, எல்லாம் சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு காட்டும். யார் கையும் மவுஸில் இருக்காது. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு ஏதோ ஆவி புகுந்த மாதிரி இருந்தது. அவளோ கையைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் அத்தை மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எந்த டெஸ்ட்டும் பச்சை காட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சிவப்பு காட்ட வேண்டும். புதிதாக டெஸ்ட் எழுதினவர், கடையின் சைட்டை வேண்டுமென்றே உடைக்க வேண்டும். விலையைத் தப்பாக மாற்று, இல்லையென்றால் ஆர்டர் பட்டனைத் தூக்கு. அப்புறம் டெஸ்ட்டை ஓட்டு. அது "ஐயோ, உடைந்திருக்கிறது" என்று சிவப்பாகக் கத்தினால்தான் அது டெஸ்ட். அந்தச் சிவப்பு விழும்போது அவள் மேஜை டிராயரிலிருந்து ஒரு கடலை உருண்டை வரும். பச்சைக்கு ஒன்றும் கிடையாது. மற்ற ஆபீஸில் எல்லாம் பாஸ் ஆனால் கேக் வெட்டுவார்கள், எங்கள் ஆபீஸில் ஃபெயில் ஆனால் கடலை உருண்டை. புதிதாகச் சேர்ந்தவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

உடைப்பதெல்லாம் நிஜக் கடையில் இல்லை. சைட்டை அப்படியே பிரதி எடுத்து, எங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று வைத்திருப்போம். காப்பி என்போம். அதை என்ன செய்தாலும் ஒரு வாடிக்கையாளருக்கும் தெரியாது. அவள் அந்தக் காப்பியைப் படுத்திய பாடு இருக்கிறதே, அதற்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

எங்கள் சிநேகம் ஆரம்பித்ததே இந்தச் சட்டத்தில்தான். நான் சேர்ந்த வாரம் ஒரு நாள் நல்ல நீலச் சுடிதாரில் வந்து, "எப்படி இருக்கு?" என்றாள். "சூப்பர்" என்றேன். மறுநாள் ஒரு கடுகு நிறச் சுடிதார், அதற்குக் கத்திரிப்பூ நிறத்தில் துப்பட்டா. பார்க்கவே கண் கூசியது. "இது?" என்றாள். எனக்கு வாயில் பொய் நிற்காது. "கண்றாவியா இருக்கு. வீட்டுல கண்ணாடி இல்லையா?" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அப்பாடா. அப்ப நேத்து சொன்ன சூப்பர் நிஜம்" என்றாள்.

"இதுக்காகவா இதைப் போட்டுட்டு வந்தே?"

"பின்னே? எங்க பெரியம்மா துப்பட்டா. உனக்காக பஸ்ல மானத்தை விட்டுட்டு வந்தேன்."

அன்றைக்கு மத்தியானம் என்னோடு சாப்பிட உட்கார்ந்தவள், அந்த ஆபீஸில் இருந்த காலம் முழுக்க வேறு யாருடனும் உட்காரவில்லை.

ஆபீஸில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். புதுக் குடை வாங்கினால் குழாயடியில் விரித்துப் பிடிப்பாள். சேர்ந்த முதல் நாளே லிஃப்டில் ஏறி அபாய மணியை அமுக்கியிருக்கிறாள். வாட்ச்மேன் மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, "இன்னாமா, சும்மா சும்மா அமுக்கினு கீற?" என்றார்.

"நீங்க வரீங்களான்னு பார்த்தேண்ணா."

"வந்துட்டேன்ல?"

"வந்துட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ்ணா. இனிமே நிம்மதியா ஏறுவேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார். ஆனால் அதற்கப்புறம் அவளைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் வைப்பார்.

தொழிலில் அவளோடு நான் போடாத சண்டை இல்லை. டெஸ்ட் நடுவில் பக்கம் திறக்க நேரம் எடுத்தால், "பத்து நொடி சும்மா இரு" என்று எழுதி வைப்பது எங்கள் வழக்கம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பஸ் ஸ்டாப்புல பத்து நிமிஷம் கண்ணை மூடிட்டு நின்னுட்டு, அப்புறம் கண்ணைத் திறக்காமலே ஏறுவியா? வருதான்னு பாரு. வந்ததும் ஏறு" என்பாள். ஒரு டெஸ்ட் ஒரு தடவை ஓடும், ஒரு தடவை முரண்டு பிடிக்கும். நாங்கள் திரும்பத் திரும்ப ஓட்டி, பச்சை வந்ததும் கிளம்பிவிடுவோம். "மூணாவது தடவை பாஸ் ஆனா அது பாஸ் இல்ல, கெஞ்சல்" என்பாள். ஒரு தள்ளுபடிக் கணக்கு சரியா என்று பார்க்க முழுக் கடையையும் திறந்து, தேடி, வாங்கி முடிக்கிற மாதிரி நான் டெஸ்ட் எழுதினால், "மாவுல உப்பு சரியான்னு பார்க்கறதுக்கு ஊரையே பந்திக்குக் கூப்பிடுவியா? அந்தக் கணக்கை மட்டும் தனியா எடுத்துப் பாரேன்" என்பாள். அவள் சொல்வது சரி என்று தெரியும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும்.

ஆடி மாதம் பிறக்கப் போகிற சமயம். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒரு ஜவுளிக்கடைக்காரர், தெற்கத்திக்காரர். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். ஆடித் தள்ளுபடியோடு இணையக் கடையையும் திறக்கிறார். விளம்பரம் போய்விட்டது. டெஸ்ட் எல்லாம் பச்சை. எங்கள் மேனேஜர் கடைக்குப் போன் பண்ணி, "பக்கா சார்" என்று சொல்லியும் விட்டார்.

அவள் மட்டும் ஆர்டர் டெஸ்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எழுதியவன் அவள் சேருவதற்கு முன்னாலேயே பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டான். "இது சிவப்பு காட்டி நான் பார்த்ததில்லையே" என்றாள். மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் கேட்கவில்லை. காப்பியில் போய், ஆர்டரைச் சேமிக்கிற பகுதியையே பிடுங்கினாள். ஓட்டினாள். பச்சை. பணம் கட்டுகிற இணைப்பைத் துண்டித்தாள். பச்சை. கடைசியில் புடவைகளையே காலி செய்துவிட்டு, டெஸ்ட் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு படத்தை மட்டும் விட்டு வைத்தாள். அதற்கும் பச்சை! கடையில் சரக்கில்லை, பணம் வாங்க ஆளில்லை, ஆனால் வியாபாரம் அமோகம்.

காரணத்தைத் தோண்டினால், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆர்டர் முடிந்ததும் "நன்றி, மீண்டும் வருக" என்று ஒரு பக்கம் வரும். அந்தப் பையன், கடைசிப் பக்கத்தில் "நன்றி" என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தான். அப்போது அது போதும். ஆனால் நடுவில் அண்ணாச்சி ஒரு நாள் ஆபீஸுக்கு வந்திருந்தார். ஆர்டர் நடக்காவிட்டால் வருகிற பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது என்னத்துக்கு இப்படி மொட்டையா நிக்கி? யம்மா, வாங்காமப் போறவியதான் நாளைக்கு வாங்க வருவாவ. அவியளுக்கும் நன்றி சொல்லணும்லா?" என்றார். நியாயம்தானே என்று அந்தப் பக்கத்திலும் "நன்றி, மீண்டும் வருக" போட்டோம். அன்றிலிருந்து அந்த டெஸ்ட்டுக்கு எது நடந்தாலும் சந்தோஷம்தான். புடவை வாங்கினாலும் நன்றி, வெறுங்கையோடு துரத்தினாலும் நன்றி.

அவள் டெஸ்ட்டைத் திருத்தி எழுதினாள். கடைக்காரர் பார்க்கிற ஆர்டர் திரையில், வாங்கினவர் பெயரில், அதே நிறப் புடவை வந்து விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். உடைத்தாள், சிவப்பு வந்தது. எல்லோருக்கும் கடலை உருண்டை. சரி, முடிந்தது என்று எல்லாவற்றையும் பழையபடி ஒட்ட வைத்துவிட்டு, மயிலாப்பூரில் அவள் வீட்டு முகவரியைப் போட்டு ஓட்டினாள். எதையும் உடைக்கவில்லை. ஆனாலும் சிவப்பு.

முகவரியில் பழைய எண், புதிய எண் என்று நடுவில் சாய்கோடு போட்டு எழுதுவோம் இல்லையா, அந்தச் சாய்கோடு. அதைப் பார்த்ததும் சைட் மிரண்டு ஆர்டரைக் கீழே போட்டுவிடுகிறது. சென்னையில் பழைய எண், புதிய எண் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? மயிலாப்பூரும் மாம்பலமும் பாதிக்குமேல் அப்படித்தான். இத்தனை பேரும் புடவை கேட்டு வந்திருப்பார்கள், நாங்கள் நன்றி சொல்லி அனுப்பியிருப்போம்.

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. "பக்கான்னு சொல்லிட்டேனேம்மா" என்றார். "அப்ப இல்லைன்னும் சொல்லிடுங்க சார்" என்றாள். அவர் அசையவில்லை. அவளே என்னை இழுத்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் இடிபட்டு நடந்து, கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "விளம்பரம் போட்டாச்சுல்லா? இப்ப வந்து சொல்லுதிய?" என்று ஒரு சத்தம். கடையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நகராமல், போனிலேயே அவர் வீட்டு முகவரியைச் சாய்கோட்டோடு போட்டு ஒரு புடவை வாங்கிக் காட்டினாள். நன்றி, மீண்டும் வருக என்று வந்தது. ஆர்டர் எங்கே என்று தேடச் சொன்னாள். இல்லை.

அண்ணாச்சி போனை வாங்கிப் பார்த்தார். "என் கடையில என்னையவே வெளிய அனுப்பிட்டே!" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். திறப்பு விழா தள்ளிப்போனது. நன்றியை மட்டும் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்படிப்பட்டவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள்.

ஏற்கெனவே ஒரு தடவை நிச்சயம் ஆகி நின்று போயிருந்தது. அதை அவள் என்னிடம் சொன்னது மொட்டை மாடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கோ நடந்தது மாதிரி. அந்த ஆள் எதற்கும் இல்லை என்று சொன்னதே கிடையாதாம். வேலைக்குப் போகலாமா? தாராளமா. அப்பா அம்மாவைப் பார்த்துக்கணும்? அதுக்கென்ன. மண்டபம் பேசி, பத்திரிகை அச்சுக்குப் போன பிறகு அவன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். சண்டையும் இல்லை, காரணமும் இல்லை. அவள் அப்பா தனியாக மண்டபத்துக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவனுக்கு வரலை. நானும் அத்தனை சரியையும் அப்படியே நம்பிட்டேன் பாரு" என்றாள். குடையைக் குழாயில் பிடிக்கிற புத்தி அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டாம். மனுஷர்களையும் அப்படிப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

புது மாப்பிள்ளை மந்தைவெளிக்காரர். வங்கியில் வேலை, அப்பா இல்லை, அம்மா மட்டும். பையனும் பெண்ணும் பேசிப் பழகட்டும் என்று இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். துணைக்கு நான். பெசன்ட் நகர் கடற்கரையில் அவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், நான் நாலடி பின்னால், சுண்டல் பொட்டலத்தோடு, கேட்காத மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

நல்ல மனிதர். நெற்றியில் துளி விபூதி, மடிப்புக் கலையாத சட்டை. மணலில் உட்காரும்போது செருப்பை ஜோடியாகத் திருப்பி வைப்பார். இவள் ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன்."

"சரிங்க."

"சமையல் பாதி நாள் நீங்கதான்."

"சரிங்க. ரசம் நல்லா வைப்பேன்."

"சம்பளத்தை முழுசா எங்க வீட்டுக்குத்தான் கொடுப்பேன்."

"சரிங்க."

"உங்க மீசை எனக்குப் பிடிக்கலை. எடுத்துடணும்."

"சரிங்க."

"தலைக்கும் மொட்டை போட்டுடுங்களேன்."

அவர் தலையைத் தடவிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தார். "திருப்பதிக்கா?" என்றார். "சும்மாதான்" என்றாள். "சரிங்க" என்றார். எனக்குச் சுண்டல் புரையேறிவிட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "எல்லாம் பச்சைடீ. ஒண்ணுகூடச் சிவப்பு இல்ல. இவரு அண்ணாச்சி சைட்டோட நன்றிப் பக்கம் மாதிரி இருக்காரு."

"உனக்குக் கொழுப்புடீ. நல்ல மனுஷன் ஒத்துக்கிட்டா உனக்கு ஆகலையா?"

"அவனும் நல்ல மனுஷனாத்தான் இருந்தான்" என்றாள்.

இன்னும் இரண்டு மூன்று தடவை பார்த்தார்கள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அதுதான் வினை. ஆபீஸில் அவர் அனுப்பிய மெசேஜைப் படித்துவிட்டுத் தானாகச் சிரிப்பாள், நான் பார்த்தால் உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு என் கோடில் குற்றம் கண்டுபிடிப்பாள். பிடித்துப்போனதால் பயம் அதிகமானது. பயம் அதிகமானால் அவள் என்ன செய்வாள்? உடைத்துப் பார்ப்பாள்.

அன்றைக்கும் அதே கடற்கரைதான். வேளாங்கண்ணி கோயில் பக்கம் கூட்டம். அவள் பழைய நிச்சயத்தை அவரிடம் சொன்னாள். அவள் வீட்டில் அதை மறைத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பாவும் தரகரும் பேசி வைத்திருந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டார். "உங்க தப்பு இதுல என்ன இருக்கு? விடுங்க" என்றார். எனக்கு எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது.

அதோடு விட்டாளா? "ஆனா ஒண்ணு. இதை உங்க அம்மாகிட்ட சொல்லாதீங்க. எப்பவுமே" என்றாள்.

அவர் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். நான் சுண்டலை மெல்லுவதை நிறுத்தினேன்.

"அது முடியாதுங்க" என்றார்.

"நான் கேட்டுக்கறேன்."

"புரியுது. ஆனா முடியாதுங்க. அம்மாகிட்ட மறைச்சு உங்களைக் கூட்டிட்டுப் போனா, நீங்க தினமும் அந்த வீட்டுல பயந்துக்கிட்டு இருக்கணும். நானும்தான். சொல்லிட்டே வரேன்."

அவர் போன பிறகு அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "சொல்லிட்டாருடீ! முடியாதுன்னு சொல்லிட்டாரு! அப்ப அந்தச் சரி எல்லாம் நிஜம்டீ, மொட்டை உள்பட!"

"அவர் சரின்னு சொல்லியிருந்தா?"

"இன்னிக்கே வீட்டுல வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

அவள் அப்படிக் குதித்து நான் பார்த்ததே இல்லை. பஸ்ஸுக்கு நிற்காமல் அடையாறு வரைக்கும் நடத்தியே கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவர் புராணம். ரசம், செருப்பு, விபூதி. எனக்குக் கால் வலி உயிர் போனது, வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் நாலைந்து நாள் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் ஆபீஸுக்கு வந்தாள், வேலை செய்தாள், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து மூடினாள். போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்திருந்தாள். "இவரும் அப்படித்தானோ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் வாய்க்கு வந்த கோயிலுக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

வாரம் முடிவதற்குள் கூப்பிட்டார். பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு காபிக் கடையில் பார்க்கலாம், தோழியையும் அழைத்து வாருங்கள் என்றார். முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குச் சட்டையில் மடிப்பு இல்லை. மூன்று காபி சொன்னார், ஒருவரும் தொடவில்லை.

"அம்மாகிட்ட சொன்னேங்க. ஒத்துக்க மாட்டேங்கறாங்க. எவ்வளவோ பேசிப் பார்த்தேன். சாப்பிடலை, அழறாங்க. அவங்களை மீறி என்னால வர முடியாதுங்க. கொஞ்ச நாள் பார்க்கலாம், மனசு மாறும்னு சொல்லி உங்களை உட்கார வைக்கவும் எனக்கு மனசு வரலை. அதனால நேர்லயே சொல்லிடலாம்னு வந்தேன். என்னால முடியாது."

அவள் தலையை ஆட்டினாள். "நேர்ல வந்து சொன்னீங்களே" என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. அவர் எழுந்தார். போகும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவரும் உட்கார்ந்து அழுதிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது டெஸ்ட் எழுதக்கூட மனுஷர்கள் வேண்டாம். மெஷினிடம் கேட்டால் காபி ஆறுவதற்குள் ஒரு குவியல் எழுதிக் கொடுக்கிறது, அத்தனையும் பச்சை. எங்கள் பையன்கள் கைதட்டுகிறார்கள். நான் போய் எதையாவது பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டச் சொல்கிறேன், என்னைக் கிழவி மாதிரி பார்க்கிறார்கள். அவள் அடுத்த வருஷமே ஊரை விட்டுப் போய்விட்டாள். தேடினால் கிடைப்பாள். "எப்படி இருக்கே?" என்று கேட்பேன், "நல்லா இருக்கேன்" என்பாள், என்னைப் போய் அதை நம்பச் சொல்கிறாளா என்று நான் கோபப்படுவேன். அதனால் தேடவில்லை. ஆனால் அவளை மாதிரி ஒருத்தி எனக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை.

அன்றைக்குக் காபிக் கடையிலிருந்து வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அழுகிறவளைத் திட்டக் கூடாது என்று தெரியும். திட்டினேன்.

"அண்ணாச்சி கடையை உடைக்கறதுக்கு ஒரு காப்பி வெச்சிருந்தே. இதுக்குக் காப்பி எங்கேடீ வெச்சிருக்கே? யாராவது நிஜத்துல கையை வெச்சு உடைப்பாங்களா? நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா அடுத்த மாசம் கல்யாணம்!"

"ஆமா. ஆகியிருக்கும்" என்றாள். துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆயிட்டு, தினமும் கதவு தட்டினா, போன் அடிச்சா, யாரு என்ன சொல்லிட்டாங்களோன்னு நின்னிருப்பேன். இப்ப அழுகைதான்டீ வருது. பயம் இல்ல. அழுகை நின்னுடும்."

நின்றுவிடும் என்று சொன்னாளே தவிர, அன்றைக்கு நிற்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்து, நான் இந்தப் பக்கம் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மயிலாப்பூர் குளம் வரும்வரை அழுதாள். இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீங்கியிருக்கா? நிஜத்தைச் சொல்லு" என்று கேட்டாள்.

"கண்றாவியா இருக்கு" என்றேன்.

சிரித்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.